ஏழு சொன்னால் ஐந்து

"நீங்கள் எங்கே?" என்று பச்சை மையில் எழுதியிருந்தது. கேள்விக்குறிக்கு அடியில் புள்ளி வைக்காமல் ஒரு குட்டி வட்டம் வேறு.

பெரிய சிஸ்டர் தாளைத் திருப்பினாள். பின்பக்கத்திலும் அதே பாட்டுதான். "கட்டுரையில் என்ன இருக்கிறது என்பதை நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். ஆனால் இதில் நீங்கள் எங்கே?" ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில், மருந்து அலமாரிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவே கிடக்கும் ஸ்டூலில், வீங்கிப்போன கால்களோடு உட்கார்ந்திருக்கிறேன், வேறே எங்கே போய்த் தொலைவேன் என்று கத்தவேண்டும்போல் வந்தது. கத்தவில்லை. எதிர்க்கட்டிலில் ஒருவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். தாளை நாலாக மடித்து ஏப்ரன் பைக்குள் திணித்தாள், கையுறை ஜோடியைத் திணிப்பதுபோல.

ஆஸ்பத்திரி முழுக்க அவள் பெரிய சிஸ்டர்தான். அவளைவிட வயதில் மூத்த டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை அவள் கணவர் வார்டுக்கு போன் செய்து, மறந்துபோய், "பெரிய சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டார். அதற்காக ஒரு வாரம் வீட்டில் அவரைப் படுத்தி எடுத்தாள்.

அந்த வார்டை ஒன்பது வருஷமாக அவள்தான் நடத்துகிறாள். காகிதத்தில் மட்டும் "தற்காலிகப் பொறுப்பு". இந்தத் தற்காலிகம் முடிந்தபாடில்லை. எந்தக் கட்டிலின் சக்கரம் இழுக்கும், எந்த ஜன்னல் மழைக்கு மூடாது, எந்த டாக்டரிடம் டீ குடித்த பிறகுதான் பேசவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த லட்சணத்தில், பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் இனி வார்டுப் பொறுப்பு என்று நிர்வாகம் ஒரு நாள் அறிவிப்பு ஒட்டியது. பட்டம் இல்லாதவர்கள் கீழே வெளிநோயாளிப் பிரிவில் டோக்கன் கொடுக்கப் போகலாமாம். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, "அடுத்தவர் வாங்க, அடுத்தவர் வாங்க" என்று சாயங்காலம்வரை கத்துவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சரி, படித்துவிட்டுப் போகிறேன் என்று சேர்ந்தாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில் வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. உடற்கூறு, மருந்தியல், தொற்றுக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் ஊதித் தள்ளினாள். ஒரே ஒரு பாடம் மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. அதற்குப் பெயர் "வாசிப்பும் சிந்தனையும்". ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கொடுப்பார்கள். பென்சிலும் கையுமாகப் படிக்கவேண்டும். ஓரத்தில் சந்தேகம் எழுப்பவேண்டும், ஒத்துக்கொள்ளவேண்டும், மறுக்கவேண்டும். பிறகு, படித்தபோது தனக்குள் என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கவேண்டும். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கோட்டைவிட்டாள். கையில் இருந்த பச்சை மை, அந்த இரண்டாவது தடவையின் பலன். மூன்றாவதுதான் கடைசி, அதை நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனும் படிப்பார். அதிலும் தவறினால் வார்டு கைவிட்டுப் போகும்.

தனக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் அவள் எங்கே போவாள்? அவள் தொழிலில் முதல் சட்டமே அதை எழுதக்கூடாது என்பதுதான். பார்த்ததை எழுது, கேட்டதை எழுது, செய்ததை எழுது. நீ நினைத்தது யாருக்கும் வேண்டாம். நோயாளி கோபமாக இருந்தார் என்று கேஸ் ஷீட்டில் எழுதக்கூடாது, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார் என்றுதான் எழுதலாம். இரண்டாவது சட்டம், எழுதியதை அழிக்கக்கூடாது. தப்பாகிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதன் பக்கத்தில் கையெழுத்து. அதையும் எழுதியவர்தான் செய்யவேண்டும், அடுத்தவர் கை வைக்கக்கூடாது. நாளைக்கு வழக்கு, கிழக்கு என்று வந்தால் அந்தத் தாள்தான் பேசும். இப்படியே முப்பது வருஷம் எழுதி ஊறிப்போன கை அது.

அதனால் அவளுடைய முதல் கட்டுரை இப்படி ஆரம்பித்தது: "கட்டுரை பெறப்பட்டது. முழுவதும் படிக்கப்பட்டது. படிக்கும்போது சிரமம் எதுவும் இல்லை. நான்காம் பக்கத்தில் லேசான கருத்து வேறுபாடு காணப்பட்டது. மருந்து தேவைப்படவில்லை. தொடர்ந்து கவனிக்கப்படுகிறது." தப்பாக எழுதிய இடத்திலெல்லாம் ஒரு கோடும் ஒரு கையெழுத்தும். இரண்டு பக்கத்தில் ஏழெட்டுக் கையெழுத்து. அதைப் படித்த பச்சை மை மேடம் வகுப்பில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள். பெரிய சிஸ்டரின் மகள் வயதுப் பெண். ஒரு வார்டில்கூட வேலை பார்த்ததில்லை, நேராகக் கல்லூரியிலிருந்து பாடம் நடத்த வந்தவள். நல்ல பெண்தான், அது வேறு விஷயம். ஆனால் அந்த இருமலைப் பெரிய சிஸ்டர் மறக்கவில்லை.

வெறுப்பேற்ற வீட்டிலும் வார்டிலும் ஆள் இருந்தார்கள். வார்டில் வாயாடி. அப்படித்தான் அந்த இளைய நர்ஸுக்குப் பேர், நோயாளிகளே வைத்தது. அவளும் அதே வகுப்புதான். முதல் தடவையிலேயே முழு மதிப்பெண்.

"நீ என்னதான்டி எழுதினே?" என்று பெரிய சிஸ்டர் அவளைப் பிடித்துக் கேட்டாள்.

"இந்தக் கட்டுரை என் அகக்கண்ணைத் திறந்தது, படித்து முடித்தபோது நான் பழைய நான் இல்லைன்னு எழுதினேன் அக்கா."

"திறந்துச்சா?"

"எங்கக்கா? கடைசிப் பக்கம் மட்டும்தான் படிச்சேன்."

பெரிய சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். பன்னிரண்டு பக்கத்தையும் வரி விடாமல் படித்தவளுக்கு முட்டை, படிக்காதவளுக்கு நூறு.

வீட்டில் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எதையும் ஒரு திருகாணியை முறுக்கினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். "இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கறியே. ரெண்டு இடத்துல நெஞ்சு கனத்ததுன்னு போடு. ஒரு இடத்துல கண் கலங்கினேன்னு போடு. பாஸ் போட்டுடுவாங்க" என்றார்.

"எனக்குக் கலங்கலையே."

"கலங்கினா எழுதவா முடியும்? கலங்காதப்பத்தான்மா எழுத முடியும்."

மூன்றாவது தடவைக்கான ஆய்வுக் கட்டுரை வந்தது. காலை டியூட்டி முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சமையலறை மேசையைத் துடைத்து, அதில் கட்டுரையை விரித்தாள். கணவர் எதிரே பழைய மின்விசிறி ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வலியைப் பற்றிய கட்டுரை. அட, இது நம்ம பேட்டை என்று பெரிய சிஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு ஒரு எண் சொல்லச் சொல்லி நோயாளியிடம் கேட்பது, அவர் சொன்னதைச் சார்ட்டில் எழுதுவது. அவள் தினமும் செய்கிற வேலை. அதைவிட முக்கியம், அந்த ஆஸ்பத்திரியிலேயே வலி குறைந்த வார்டு அவளுடையதுதான். வருஷா வருஷம் அதற்கு ஒரு மரக் கேடயம் கொடுப்பார்கள். வார்டுக் கதவுக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கிறது, தூசி தட்டுவதுகூட அவள்தான்.

வாயில் நுழையாத சொற்களைத் தாண்டி மூன்றாம் பக்கத்துக்கு வந்தாள். அங்கே ஒரு வாக்கியம் இருந்தது. நோயாளி சொல்லும் எண்ணைவிடக் குறைவான எண்ணையே நர்ஸுகள் எழுதுகிறார்களாம். சிரித்துப் பேசுகிற நோயாளி என்றால் இன்னும் குறைகிறதாம். நர்ஸுக்கு அனுபவம் கூடக்கூட, குறைப்பதும் கூடுகிறதாம்.

பெரிய சிஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. பென்சிலை எடுத்து ஓரத்தில் "பொய்" என்று எழுதினாள். தாள் கிழியாதது ஆச்சரியம். "யார் சொன்னது?" என்று அதற்குக் கீழே எழுதினாள். "எந்த வார்டு?" என்று அடுத்த பத்திக்கு. அனுபவம் பற்றிய வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டு, "இதை எழுதியவர் ஒரு நாளாவது பெட்பேன் எடுத்ததுண்டா?" என்று கேட்டாள். ஒவ்வொரு வரிக்கும் பதில் சொன்னாள். அட்டவணைக்குள் நுழைந்து சண்டை போட்டாள். நாலு பக்கம் இப்படியே போனது, ஓரத்தில் வெள்ளை இடமே இல்லை.

"என்னம்மா, கட்டுரையோட மல்லுக்கட்டறே?" என்றார் கணவர், விசிறியின் இறக்கையைத் துடைத்தபடி.

"என்னைத் திருடின்னு எழுதியிருக்கான். மல்லுக்கட்டாம கொஞ்சவா செய்வாங்க?"

மறுநாள் காலை டியூட்டிக்கு அவள் ஒரு தீர்மானத்தோடு போனாள். கட்டுரையின் மூக்கை உடைப்பது என்று. இடது புறங்கையில் ஒரு வெள்ளை பிளாஸ்திரியை நீளமாக ஒட்டிக்கொண்டாள். நோயாளி எண்ணைச் சொன்னதும், காதில் விழுந்தது விழுந்தபடி அதில் ஒரு கிறுக்கல். பிறகு வழக்கம்போலச் சார்ட். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், யார் பொய் சொல்வது என்று.

முதல் கட்டில் தையல்காரர். குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. படுத்தபடியே ஆளை அளவெடுக்கிறவர். பெரிய டாக்டருக்கு வலது தோள் இறங்கியிருக்கிறது, கோட்டில் பஞ்சு வைத்துச் சமாளிக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்லி, வார்டையே சிரிக்க வைத்தவர்.

"வலி எவ்வளவு ஐயா?"

"ஏழு சிஸ்டர். உங்க ஏப்ரன் இடுப்புல ஒரு பிடி போட்டா நல்லா இருக்கும்."

"ஏழா? நல்லாத்தானே பேசறீங்க" என்று சிரித்துக்கொண்டே பிளாஸ்திரியில் கிறுக்கினாள், சார்ட்டில் எழுதினாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள். நடுவில் ஒருவருக்கு டிரிப் நின்றுபோயிருந்தது, ஒருவருக்கு டிரஸ்ஸிங் நனைந்திருந்தது. வழக்கமான காலை. எல்லாக் கட்டிலும் முடிந்து, சார்ட்டுகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

பிளாஸ்திரியில் ஏழு. தையல்காரர் சார்ட்டில் ஐந்து.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஐந்துதான். அவள் கையெழுத்துதான், வாலை நீட்டிப் போடுகிற அவளுடைய ஐந்து. அடுத்தவர் சொன்னது ஆறு, எழுதியது நாலு. விடாமல் முனகுகிற ஒரு பெரியவருக்கு மட்டும் சொன்னது சொன்னபடி. மற்ற எல்லாரிடமும் அவள் கை பேரம் பேசியிருந்தது. அதுவும் எப்போது? குறைக்கிறோமா என்று பார்க்கவே கிளம்பிப் போன காலையில். யார் மேலே கோபப்படுவது என்றே தெரியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

எண் ஆறும் அதற்கு மேலும் என்றால் ஊசி, அதற்குக் கீழே என்றால் மாத்திரை. அது டாக்டர்கள் எழுதிவைத்த முறை. பெரிய சிஸ்டர் பழைய நாட்களின் பக்கங்களைத் திருப்பினாள். தையல்காரருக்கு நாலு நாளும் ஐந்து, நாலு நாளும் மாத்திரை. எழுந்து அவர் கட்டிலுக்குப் போனாள்.

"ஐயா, நேத்து எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"ஏழு."

"முந்தா நாள்?"

"எட்டுன்னு ஞாபகம்."

"நான் அஞ்சுன்னு எழுதினது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. கால்மாட்டுலதானே தொங்குது."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க? ஏன் சொல்லல?"

தையல்காரர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "நீங்க எத்தனை ஆயிரம் பேரைப் பாத்திருப்பீங்க சிஸ்டர். உங்களுக்குத் தெரியாதா? இது அஞ்சுதான் போல, எனக்குத்தான் தாங்கத் தெரியலைன்னு நெனச்சேன். அதான் பேசிப் பேசி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

அவர் சிரிப்புக் காட்டியதை எல்லாம் வைத்துத்தான் அவள் கழித்திருந்தாள். கால்மாட்டிலேயே நின்று, அந்த ஐந்தின்மேல் ஒரு கோடு போட்டு, ஏழு என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள். ஊசியை அவளே எடுத்து வந்தாள். கொஞ்ச நேரத்தில் தையல்காரர் பேச்சை நிறுத்திவிட்டுத் தூங்கினார். நாலு நாளில் அவர் சும்மா இருந்து அவள் பார்த்தது அப்போதுதான்.

அன்றைக்கே வார்டு நர்ஸுகளைக் கூப்பிட்டு, சொன்னது சொன்னபடி எழுதவேண்டும், ஒரு எண்கூடக் குறையக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். காரணத்தையும் பிளாஸ்திரியையும் வாயாடியிடம் மட்டும் காட்டினாள்.

"இதைத்தான் எழுதப் போறேன்" என்றாள்.

வாயாடி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பிளாஸ்திரியைக் கையால் பொத்தினாள். "அக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு? மூணாவது தடவை எழுதறதை மேட்ரன் படிப்பாங்க. சார்ட்டுல குறைச்சு எழுதினேன்னு உங்க கையாலேயே எழுதிக் குடுத்தா வார்டைப் பிடுங்க வேற காரணம் வேணுமா?"

அதில் நியாயம் இருந்தது. பெரிய சிஸ்டர் ஒன்றும் கற்பூரமாகக் கரைந்துபோகிறவள் இல்லை. அவளுக்கு வார்டு வேண்டும். டோக்கன் ஜன்னலை நினைத்தாள், பல்லைக் கடித்தாள். வீட்டுக்குப் போய்க் கணவர் சொன்ன வழியிலேயே ஒன்று எழுதினாள். "இந்தக் கட்டுரையைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. நோயாளிகளின் வலியை எண்ணிக் கண் கலங்கினேன். இனி அவர்களை அன்போடு பார்ப்பேன்." நன்றாகத்தான் வந்திருந்தது. கணவர் படித்துவிட்டு, "பிரமாதம். இதுக்கு ஏன் ஒரு வருஷம்?" என்றார்.

சரிபார்க்கலாம் என்று பென்சிலோடு உட்கார்ந்தாள். அங்கேதான் வினை. பென்சில் கைக்கு வந்ததும் பழக்கம் வந்துவிட்டது. கண் கலங்கினேன் என்ற வரிக்குப் பக்கத்தில், தன்னையறியாமல், "பொய்" என்று எழுதியிருந்தாள். எழுதியதைப் பார்த்துவிட்டுத் தன் மேலேயே எரிந்து விழுந்தாள். ஒழுங்காகப் பொய் எழுதக்கூட விடாத படிப்பு என்ன படிப்பு? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தாள்.

இந்தத் தடவை கை நிற்கவில்லை. கட்டுரை மீது வந்த கோபம், பிளாஸ்திரி, தையல்காரர், கேடயங்கள் எல்லாம் வந்தன. "நான் குறைத்தேன். குறைக்கிறேன் என்று தெரியாமலே குறைத்தேன். இத்தனை பேரைப் பார்த்துவிட்டதால், ஒருவர் வலி எவ்வளவு என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று என் கை முடிவு செய்துவிட்டது" என்று எழுதினாள். இரண்டு பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள்.

கொடுத்த இரண்டாம் நாள் பச்சை மை மேடம் அவளை வகுப்பறைக்கு வெளியே நிறுத்தினாள். கையில் தாள். முகம் வெளுத்திருந்தது.

"சிஸ்டர், ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதை இப்படியே மேட்ரனுக்கு அனுப்பறது… கொஞ்சம் பொதுவா மாத்திடுங்களேன்."

"பொதுவான்னா?"

"நர்ஸுகள் சில சமயம் குறைச்சு எழுதறது உண்டு, அந்த மாதிரி. நான் எழுதினேன், என் கைன்னெல்லாம் வேண்டாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பெரிய சிஸ்டர் அவளையே பார்த்தாள். ஒரு வருஷத்து எரிச்சல் மொத்தமும் வாசலில் வந்து நின்றது. "மேடம், ஒரு வருஷமா நீங்க எங்கே, நீங்க எங்கேன்னு பச்சை மையில கேட்டீங்க. இதோ இருக்கேன்னு வந்து நிக்கறேன். இப்ப வெளிய போய் நில்லுங்கறீங்களே, இது என்ன நியாயம்?"

அந்தப் பெண் தாளைத் திருப்பித் தரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள். அவள் நல்ல பெண் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு இதுதான் சாட்சி.

மேட்ரன் கூப்பிட்டு அனுப்பியபோது மாதக் கணக்கும் வந்திருந்தது. மேசையின் ஒரு பக்கம் அவள் கட்டுரை. "தேர்ச்சி. மேற்கோள்கள் குறைவு. ஓரம் விட்டு எழுதவும்" என்று பச்சை மை. பெரிய சிஸ்டருக்கு அந்த நிலையிலும் எரிச்சல் வந்தது. இன்னொரு பக்கம், எல்லா வார்டுகளின் வலிக் கணக்கையும் காட்டும் வரைபடம். ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் கோடு மட்டும் மாத நடுவிலிருந்து படிக்கட்டு ஏறியிருந்தது.

"உக்காருங்க சிஸ்டர். உங்க வார்டுல என்ன நடக்குது? இருக்கறதுலேயே வலி குறைஞ்ச வார்டு, இப்ப எல்லாரையும்விட மேல போயிடுச்சு."

"மேல போகல மேடம். எப்பவும் அங்கேதான் இருந்துச்சு. நாங்கதான் கீழ எழுதிட்டு இருந்தோம்."

"அப்ப நான் குடுத்த கேடயமெல்லாம்?"

"நான் கழிச்சதுக்குக் குடுத்தது."

மேட்ரன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒரு காலத்தில் இதே வார்டில் கட்டில் கட்டிலாக நடந்தவர். நாற்காலிக்கு வந்து ரொம்ப வருஷம் ஆகிறது. "ஒண்ணு நீங்க படிச்ச அந்த ஆய்வுக் கட்டுரை தப்பா இருக்கணும், இல்ல நீங்க தப்பா இருக்கணும். கட்டுரை சரின்னா எல்லா வார்டும் இப்படித்தான்னு ஆகும். அதை என்னால ஒத்துக்க முடியாது. நீங்க படிச்ச பிரதியைக் குடுங்க. படிச்சுட்டு வார்டை யாருக்குக் குடுக்கறதுன்னு சொல்றேன்."

பெரிய சிஸ்டர் தன் திட்டுகள் நிறைந்த பிரதியையே கொடுத்தாள். வேறு பிரதி இல்லை. வார்டுக்குத் திரும்பி, கதவுக்கு மேலே இருந்த கேடயங்களைப் பார்த்தாள். தூசி படிந்திருந்தது. தட்டவில்லை.

மறுநாள் காலை டிரஸ்ஸிங் முடிகிற நேரத்தில் மேட்ரன் வார்டுக்குள் வந்தார். அக்குளில் கட்டுரை. மடித்திருந்த மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில், பெரிய சிஸ்டரின் "பொய்"க்குப் பக்கத்தில், சிவப்புப் பென்சிலில் இன்னொரு "பொய்". அவளுடையதைவிடப் பெரிதாக இருந்தது. பெரிய சிஸ்டருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்து அடக்கினாள்.

"சார்ட்டைக் குடுங்க. நானே கேட்டு நானே எழுதறேன். நீங்க பேசாம பின்னாடி வாங்க" என்றார் மேட்ரன்.

பெரிய சிஸ்டர் பேசாமல் பின்னால் போனாள். போவதற்குமுன் இடது புறங்கையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். முதல் கட்டிலில் மேட்ரன் மிகக் கவனமாக இருந்தார். எண்ணை இரண்டு தடவை கேட்டு, எழுதி, சார்ட்டைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். பார்த்தாயா என்பதுபோல. இரண்டாவதிலும் அப்படியே. அதற்குள் யாரோ போனில் கூப்பிட்டார்கள், டாக்டர் ஒருவர் வழியில் நிறுத்தி ஏதோ கேட்டார். மூன்றாவது கட்டிலில் ஒரு பஸ் கண்டக்டர். பித்தப்பை எடுத்து இரண்டு நாள்.

"வலி எவ்வளவுப்பா?"

"எட்டு மேடம். இறங்க வேண்டிய இடம் வந்தா சொல்லுங்க, நான் இறங்கிக்கறேன்."

மேட்ரன் சிரித்துவிட்டார். "எட்டா? நல்லாத்தானே பேசறே" என்றபடி எழுதினார்.

பெரிய சிஸ்டருக்குத் தன் குரலையே யாரோ திருப்பிச் சொன்னதுபோல் இருந்தது. கட்டிலைச் சுற்றி வந்து, இடது கையைச் சார்ட்டின் பக்கத்தில் வைத்தாள். பிளாஸ்திரியில் எட்டு. சார்ட்டில் ஆறு.

மேட்ரன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அக்குளில் இருந்த கட்டுரை நழுவிக் கட்டிலில் விழுந்தது, எடுக்கவில்லை. கண்டக்டர் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?" என்று கேட்டார்.

"நீங்க சரியாத்தான் சொன்னீங்க" என்றாள் பெரிய சிஸ்டர்.

மேட்ரன் பேனாவை அவளிடம் நீட்டினார். குரல் இறங்கியிருந்தது. "இதை அடிச்சுட்டு எட்டுன்னு போட்டுடுங்க சிஸ்டர்."

"நீங்க எழுதினது மேடம். நான் கை வைக்கக்கூடாது."

மேட்ரன் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆறின்மேல் ஒரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில் எட்டு என்று எழுதினார். கையெழுத்துப் போடக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கட்டுரையைப் பொறுக்கிக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார்.

"பெண்கள் வார்டுக்குப் போறேன். அந்தப் பிளாஸ்திரியோட நீங்களும் வாங்க."

"இங்க டிரஸ்ஸிங் பாக்கி இருக்கு மேடம். வார்டை விட்டுட்டு எப்படி வர்றது?"

"ஒரு மணி நேரம் அந்த வாயாடி பாத்துப்பா" என்றார் மேட்ரன், திரும்பிப் பார்க்காமலே. "உங்க வார்டு எங்கேயும் போயிடாது. வாங்க."